வியர்க்கும் இறைச்சி

இரவு பதினொரு மணிக்கு வெப்பமானி 67 டிகிரி செல்சியஸ் காட்டியது. பன்னிரண்டரைக்குப் போய்ப் பார்த்தேன், 68. இரண்டு மணிக்கும் அதே 68. மூன்று மணிக்குப் பார்த்தால் 67. ஏற வேண்டிய எண் ஒன்று இறங்கியிருந்தது. மூடிக்குள் காற்றின் சூடு 110 டிகிரி. கரி ஒழுங்காகக் கனன்றுகொண்டிருந்தது. கம்பித் தட்டின் மேல் இருந்த நான்கு கிலோ பன்றிக்கறி மட்டும், இனி ஒரு டிகிரிகூடச் சூடாக மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருந்தது.

வட கரோலினாவில் ஒரு வாடகை வீட்டின் கொல்லைப்புறத்தில், நவம்பர் மாதக் குளிரில், நான் இரண்டாவது முறையாக இந்த வேலையில் இறங்கியிருந்தேன். முதல் முறையும் முள் இதே இடத்தில்தான் நின்றது. வெப்பமானி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, 70 டிகிரியிலேயே கறியை இறக்கி அறுத்தேன். கத்திக்குக் கீழே தேங்காய்நார்க் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. ஆனால் பச்சை இல்லை, முழுதாக வெந்திருந்தது. சாப்பிட உட்கார்ந்தவர்கள் மென்று மென்று தாடை வலித்துப் போனார்கள். வெந்த கறி ஏன் மெதுவாகவில்லை, எரிகிற அடுப்புக்குள் இருக்கும் கறி ஏன் மணிக்கணக்கில் சூடாகாமல் நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளும் அன்றிலிருந்து என்னை விடவில்லை. இரண்டுக்கும் விடை தண்ணீரில் இருந்தது.

முதலில் கறியைப் பார்ப்போம். பன்றியின் முன்னங்காலுக்கு மேலே, தோள்பட்டை எலும்பை அணைத்தபடி இருக்கும் தசைக் கூட்டத்தை அமெரிக்கக் கசாப்புக்காரர்கள் ‘பாஸ்டன் பட்’ என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பின்பக்கத்துக் கறி என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது தோளின் மேல்பாதி. ஒரு துண்டு மூன்றரை, நான்கு கிலோ வரும். விலை குறைவு. காரணம் எளிது. பன்றி தன் உடல் எடையைத் தாங்குவதும், நடப்பதும், மண்ணைக் கிளறுவதும் இந்தத் தோளை வைத்துத்தான். வேலை செய்கிற தசையில் இணைப்புத் திசு அதிகம். ஒவ்வொரு தசைக்கட்டையும் உறை போட்டுச் சுற்றி, எலும்போடு இழுத்துக் கட்டி வைத்திருப்பது கொல்லாஜன் என்கிற புரதம். மூன்று இழைகளை ஒன்றோடொன்று முறுக்கிய கயிறுதான் அதன் மூலக்கூறு. முதுகை ஒட்டிய கறியில் இது குறைவு. பத்து நிமிடத்தில் வாட்டி எடுத்துவிடலாம். தோள்கறியில் அந்த அவசரம் செல்லாது.

வட கரோலினாவின் மேற்குப் பகுதி இந்தத் தோள்கறிக்கென்றே பெயர் பெற்றது. அங்கே லெக்சிங்டன் என்றொரு சிற்றூர். 1919 வாக்கில் சிட் வீவர் என்பவர் நீதிமன்றத்துக்கு எதிரே கூடாரம் போட்டு, வழக்குக்காக ஊருக்கு வருகிறவர்களுக்குப் பன்றிக்கறி சுட்டு விற்றார். அவருக்குப் போட்டியாக ஜெஸ் ஸ்வைஸ்குட் இன்னொரு கூடாரம் போட்டார். அந்த வழியில் வந்த கடைகள் இன்றும் ஹிக்கரி மரத்தை எரித்துத் தணலாக்கி, அந்தத் தணலுக்கு மேலே தோள்களை அடுக்கி மணிக்கணக்கில் வாட்டுகின்றன. அதே மாநிலத்தின் கிழக்குப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே முழுப் பன்றி. தொட்டுக்கொள்ள வினிகரும் மிளகாயும் மட்டும். லெக்சிங்டன்காரர்கள் அந்த வினிகரில் கொஞ்சம் தக்காளி கெட்ச்அப் கலந்து ‘டிப்’ என்பார்கள். அந்தக் கொஞ்சம் கெட்ச்அப்புக்காக இரு பக்கத்தாரும் பல தலைமுறையாக வாதாடிவருகிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. அமெரிக்கத் தெற்கில் அடிமை முறை இருந்த காலத்தில், குழி வெட்டி, விறகு எரித்து, விடிய விடியக் கண்விழித்துப் பன்றியைப் புரட்டியவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். தணலின் சூட்டை உள்ளங்கையை நீட்டியே அளந்தவர்கள் அவர்கள். இந்த அத்தியாயத்தில் நான் எண்களால் விளக்கப்போகும் எல்லாவற்றையும் அவர்களுடைய கைகள் முன்பே அறிந்திருந்தன.

குழி வெட்ட இடமில்லாதவர்களுக்கு வாய்த்தது கெட்டில் கிரில். சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன் 1952-ல் இதை உருவாக்கினார். அந்தப் பட்டறையில் நீர்நிலைகளில் மிதக்கவிடும் மிதவைகளுக்காக இரும்புத் தகட்டில் அரைக்கோளங்கள் செய்துகொண்டிருந்தார்கள். திறந்த அடுப்பில் காற்றடித்தால் சாம்பல் பறக்கிறது, மழை வந்தால் எல்லாம் போச்சு என்று நொந்துபோயிருந்த ஸ்டீஃபன், ஓர் அரைக்கோளத்துக்குக் கால் வைத்தார், இன்னொன்றை அதற்கு மூடியாக்கினார். மூடியதும் நெருப்பு அணைந்துவிட்டது என்றும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன யோசனையில் மூடியில் துளை போட்ட பிறகுதான் அடுப்பு எரிந்தது என்றும் அந்த நிறுவனம் கதை சொல்கிறது. அந்தத் துளைதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல்.

கெட்டில் கிரில்லில் இரண்டு காற்று வழிகள். அடியில் ஒன்று, மூடியில் ஒன்று. மூடிக்குள் 110 டிகிரியில் இருக்கும் காற்று, வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றைவிட ஏறக்குறைய கால் பங்கு லேசு. லேசான காற்று மேல்துளை வழியாக வெளியேறும். அது விட்டுப்போன இடத்தை நிரப்ப அடித்துளை வழியாகப் புதுக்காற்று நுழையும். செங்கல் சூளைப் புகைபோக்கி இழுப்பதும் இந்தக் கணக்கில்தான். ஆக, அடித்துளையை எவ்வளவு திறக்கிறோம் என்பதே எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகலாம் என்பதற்கான கட்டளை.

12 கிராம் கார்பன் முழுதாக எரிய 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு கிலோ கார்பனுக்கு 2.7 கிலோ ஆக்சிஜன். அதைத் தரக் குறைந்தது ஒன்பதரை கன மீட்டர் காற்று. அன்று நான் அடுக்கியது ஏறக்குறைய மூன்று கிலோ பிரிக்கெட் கரி, அதாவது மாவுப் பசையோடு அச்சில் அழுத்திய கரித்துண்டுகள். அதில் சாம்பல், மாவுப் பசை எல்லாம் போக இரண்டு கிலோ கார்பன் இருந்ததாக வைத்துக்கொண்டால், அந்த இரவு முழுவதும் என் அடுப்பு உள்ளிழுத்தது ஒரு சின்னப் படுக்கையறை நிறையக் காற்று. அவ்வளவும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் திறந்த துளை வழியே பதினைந்து மணி நேரத்தில் போயிருக்கிறது. நெருப்பை அடக்கி வைப்பது என்றால் இதுதான். கரியைக் குறைப்பதால் நெருப்பு அடங்காது, அதன் மூச்சைக் குறைக்க வேண்டும். அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு இதனால்தான் சூடு கைமீறிப் போகிறது. திறந்ததும் உள்ளிருந்த சூடு வெளியே போகும், சரி. கூடவே ஆக்சிஜன் மொத்தமாக உள்ளே பாயும். அதுவரை உறங்கிக் கிடந்த கரித்துண்டுகளும் பற்றிக்கொள்ளும். மூடிய பிறகு சூடு 150-ஐத் தாண்டி ஓடும்.

எல்லாக் கரியும் ஒரே நேரத்தில் பற்றாமல் இருக்க ஒரு நல்ல உத்தி உண்டு. பிரிக்கெட்டுகளைக் கிண்ணத்தின் உள்விளிம்பை ஒட்டி, இரண்டு அகலம் இரண்டு உயரமாக, முக்கால் வட்டத்துக்கு அடுக்குவார்கள். பாம்பு என்றே இதற்குப் பெயர். பாம்பின் ஒரு நுனியில் மட்டும் கனிந்த கரி பத்துத் துண்டு வைத்தால் போதும். ஊதுவத்தி எரிவதுபோல் நெருப்பு ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஊர்ந்துபோகும். நடுவில் காலியாக இருக்கும் இடத்தில் ஓர் அலுமினியத் தட்டு, அதற்கு நேர்மேலே கறி. உருகும் கொழுப்பு நெருப்பில் சொட்டாது. சொட்டினால் எழும் கரும்புகையில் உடலுக்கு ஆகாத பொருள்கள் கறிமேல் படியும் என்பதால் இந்தத் தட்டு அவசியம்.

இந்தக் கரித்துண்டுகளுக்கும் ஒரு சின்ன வரலாறு. எல்ஸ்வொர்த் ஸ்வாயர் என்பவர் 1897-ல் பிரிக்கெட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது ஹென்றி ஃபோர்டின் நிறுவனம். கார்களுக்கு மரச் சட்டம் அறுத்த மிச்சமும் மரத்தூளும் மிஷிகனில் மலைபோல் குவிந்தபோது, 1920-களில் அவற்றைக் கரியாக்கி மாவுப் பசையோடு அச்சில் அழுத்தி விற்றார்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே எடை. பாம்பு ஒரே வேகத்தில் ஊர்வதற்கு அந்த ஒழுங்குதான் காரணம்.

கரி சூட்டைத் தரும். மணத்தைத் தருவது மரம். பாம்பின் முதுகில் ஆங்காங்கே கை அளவு ஹிக்கரிக் கட்டைகளை வைத்துவிட்டால், நெருப்பு அவற்றைத் தொடும்போதெல்லாம் புகை கிளம்பும். மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் சிதையும்போது குவாயகால், சிரிங்கால் என்ற பொருள்கள் பிறக்கின்றன. புகைக் கறி என்றதும் நம் மூக்குக்கு நினைவு வருகிற மணம் பெரும்பாலும் இவற்றால்தான். எல்லாப் புகையும் நல்ல புகை அல்ல. காற்றுப் போதாமல் திணறும் நெருப்பிலிருந்து வெள்ளையாக, கெட்டியாக வருகிற புகை கறியைக் கசக்க வைக்கும். நன்றாக மூச்சுவிடும் நெருப்பின் புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலமாக இருக்கும். வானம் நீலமாகத் தெரிவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். துகள் பருத்துவிட்டால் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடித்து வெள்ளையாகிவிடும். அனுபவப்பட்டவர்கள் மேல்துளையை முழுதாகத் திறந்து வைத்து, அடித்துளையை மட்டும் வைத்து நெருப்பை ஆள்வது இதனால்தான். புகை உள்ளே தேங்கக் கூடாது.

அந்தப் புகை கறியில் எப்படி ஒட்டுகிறது? இங்கேதான் தண்ணீர் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. குளிர்ந்த, ஈரமான பரப்பில் புகை நன்றாகப் படியும். காய்ந்த, சூடான பரப்பில் படியாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேராக அடுப்பில் வைத்த கறி அதிகப் புகையை வாங்கிக்கொள்ளும். முதல் சில மணி நேரத்தில் மேற்பரப்பு ஈரமாக இருக்கிறபோதே மரத்தின் வேலை பெருமளவு முடிந்துவிடுகிறது.

வெட்டிப் பார்த்தால் மேலோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடைக்கும் குறைவான அகலத்தில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும். புகை வளையம் என்பார்கள். போட்டிகளில் அதைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். புகையின் நிறம் ஊறியது என்று பலரும் நம்புகிறார்கள், அப்படி இல்லை. கரியும் விறகும் எரியும்போது கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். இரண்டும் கறியின் ஈரத்தில் கரைந்து உள்ளே இறங்கி, தசைக்குச் சிவப்பைத் தரும் மயோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றிய இடம் வெந்தபிறகும் சிவந்தே நிற்கும். இவை போய்ச் சேருவதற்குள் சூடு ஏறி மயோகுளோபின் உருக்குலைந்த இடமெல்லாம் பழுப்பாகிவிடும். வளையத்துக்கென்று தனிச் சுவை கிடையாது.

இதே வேதியியல்தான் மனிதரைக் கொல்லவும் செய்கிறது. மயோகுளோபினின் நெருங்கிய உறவு நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகக் கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. மணம் இல்லை, நிறம் இல்லை. தலை வலிக்கும், தூக்கம் வரும், பிறகு எழுந்திருக்க முடியாது. மழை பெய்கிறது என்று கரி அடுப்பைக் கார் ஷெட்டுக்குள் நகர்த்துவதும், குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அணையாத கரியை வீட்டுக்குள் கொண்டுவருவதும் உயிரைப் பறிக்கும். கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. கரி அடுப்பின் இடம் திறந்த வெளிதான்.

இனி முதல் கேள்விக்கு வரலாம். வெந்த கறி ஏன் மெதுவாகவில்லை?

தசையில் இருக்கும் புரதங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் உருமாறும். மயோசின் 50 டிகிரியை ஒட்டியே இறுகத் தொடங்கும். 65-ஐத் தாண்டும்போது ஆக்டினும் இறுகும். தசை நார்கள் சுருங்கி, பிழிந்த துணிபோலத் தங்களிடமிருக்கும் நீரை வெளியே தள்ளும். கொல்லாஜனும் 60-க்கு மேல் சுருங்கி அந்தப் பிழிதலுக்குத் துணைபோகும். 70 டிகிரியில் தோள்கறி அதன் வாழ்நாளிலேயே மிகக் கெட்டியான நிலையில் இருக்கிறது. நான் முதல் முறை அறுத்தது சரியாக அந்த நேரத்தில்.

ஆபத்தில்லாமல் சாப்பிட அந்தச் சூடே தாராளம். அமெரிக்க வேளாண் துறை 2011-ல் பன்றியின் முழுத்துண்டுக் கறிக்கு 63 டிகிரியும் இறக்கி வைத்த பிறகு மூன்று நிமிட இடைவெளியும் போதும் என்று விதியைத் தளர்த்தியது. கிருமிகளுக்கும் புழுக்களுக்கும் அந்தக் கணக்கு சரி. கொல்லாஜனுக்கு வேறு கணக்கு. அதன் மூன்று இழைக் கயிறு முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரைய, சூட்டோடு நேரமும் வேண்டும். 70-ல் மெல்ல மெல்ல நடக்கும். 85, 90 என்று ஏற ஏற வேகம் பிடிக்கும். 95 டிகிரியை எட்டும்போது நார்களைக் கட்டியிருந்த உறைகள் கரைந்து, நார்கள் ஒன்றையொன்று விட்டுவிடும். நார்கள் தனித்தனியே பார்த்தால் வறண்டுதான் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பூசியிருக்கும் ஜெலட்டினும் கொழுப்பும்தான் வாயில் போட்டதும் கறி சாறாக இருக்கிறது என்று நமக்குச் சொல்கின்றன. ஆட்டுக்கால் பாயாவை இரவு அடுப்பில் வைத்து மறந்துவிட்டு, காலையில் பாத்திரத்தைச் சாய்த்தால் ஆடாமல் நிற்குமே, அதே ஜெலட்டின்.

இரண்டாவது கேள்வி இன்னும் அழகானது. அடுப்பு எரிகிறது, கறி சூடாகவில்லை. இந்த நிற்றலுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் ‘ஸ்டால்’. பெரும்பாலும் 65-லிருந்து 75 டிகிரிக்குள் நிகழும். நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் நீடிக்கும். கொல்லாஜன் உருக வெப்பம் செலவாகிறது, அதனால் முள் நிற்கிறது என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம். கொழுப்பு உருகுவதால் என்றும் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பனிக்கட்டி உருகி முடியும்வரை தண்ணீர் 0 டிகிரியைத் தாண்டாது என்று பள்ளியில் படித்த யாருக்கும் இது சரியென்றே படும்.

ஆனால் கணக்குப் போட்டால் இடிக்கிறது. பன்றிக் கொழுப்பு பெரும்பாலும் 45 டிகிரிக்குள் உருகி முடிந்துவிடும். ஸ்டால் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே. கொல்லாஜன்? நான்கு கிலோ கறியில் அது நூறு கிராம் இருந்தாலே அதிகம். ஒரு கிராம் முறுக்கு அவிழச் சில பத்து ஜூல் போதும். நூறு கிராமுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ஜூல். ஒரு டம்ளர் தண்ணீரைச் சில டிகிரி சூடாக்குகிற அளவுக்கான வெப்பம். அதற்காக முள் ஐந்து மணி நேரம் நிற்காது.

அன்று நான் கறியை முன்னும் பின்னும் எடை போட்டிருந்தேன். வைக்கும்போது 3.9 கிலோ. இறக்கும்போது 2.5 கிலோ. தட்டில் வழிந்திருந்த கொழுப்பும் சாறும் சேர்த்து 400 கிராம். மீதி ஒரு கிலோ எங்கே? மேல்துளை வழியாக ஆவியாகப் போயிருந்தது. ஒரு கிலோ தண்ணீரை அந்தச் சூட்டில் ஆவியாக்கச் சுமார் 23 லட்சம் ஜூல் வேண்டும். மொத்தக் கறியையும் 5 டிகிரியிலிருந்து 95-க்குக் கொண்டுபோகத் தேவைப்படுவது சுமார் 12 லட்சம் ஜூல்தான். கறி வாங்கிய வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதை வேகவைக்கப் பயன்படவே இல்லை. அதன் நீரைக் காற்றில் கலக்கச் செலவாகிவிட்டது.

கறி வியர்க்கிறது. வெயிலில் வேலை செய்கிறவர் உடம்பு வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது போலவே, கறியின் மேற்பரப்பிலிருந்து போகும் ஒவ்வொரு கிராம் நீரும் இரண்டாயிரத்துச் சொச்சம் ஜூலைச் சுருட்டிக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதனால்தான். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டைக் கடன் வாங்கிக்கொண்டு போகிறது. ஸ்டாலின்போது கறி மணிக்கு ஏறக்குறைய 100 கிராம் நீரை இழக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது வெளியேற்றும் வெப்பம் 65 வாட் அளவுக்கு வரும். அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பின் காற்று கறிக்குள் செலுத்துவதும் ஏறத்தாழ அதே 65 வாட்தான். வரவும் செலவும் சரிக்குச் சரி. முள் நகர மிச்சம் ஏது?

என் பாம்பு அந்த நேரமெல்லாம் ஒன்றேகால் கிலோவாட் அளவுக்கு எரிந்துகொண்டிருந்தது, ஓர் இஸ்திரிப் பெட்டிபோல. பெரும்பகுதி இரும்புச் சுவர் வழியாகவும் மேல்துளை வழியாகவும் கொல்லைக்குப் போய்விட்டது. கறிக்குக் கிடைத்தது அந்தக் குண்டு பல்பு அளவுதான்.

ஆவியாவது மேற்பரப்பில், வெப்பமானி குத்தியிருப்பதோ நடுவில். மேலே வியர்த்தால் நடுவில் ஏன் சூடு நிற்க வேண்டும்? வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் பாயும். வியர்க்கும் மேற்பரப்பு 110 டிகிரிக் காற்றில் இருந்தாலும் 70-ஐ ஒட்டியே நிற்கிறது. தொடக்கத்தில் நடுப்பகுதி 5 டிகிரியில் இருந்தபோது மேலுக்கும் நடுவுக்கும் பெரிய மேடுபள்ளம். வெப்பம் வேகமாக இறங்கியது. நடுப்பகுதி 67-க்கு வந்ததும் மேடும் பள்ளமும் சமம். பாய வழியில்லை. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஆக்டின் இறுகி நீரைப் பிழிந்து வெளியே தள்ளுவதும் இதே சூட்டில். அதாவது மேற்பரப்புக்கு வியர்க்கத் தண்ணீர் வேண்டிய நேரத்தில் உள்ளிருந்து ஊற்றுப்போல வந்துகொண்டே இருக்கிறது. கொல்லாஜன் சுருங்கி அவிழத் தொடங்குவதும் ஏறக்குறைய இதே வெப்பநிலையில் என்பதால்தான் பழி அதன்மேல் விழுந்தது.

இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியவர் கிரெக் பிளாண்டர். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர். புகைக் கறியில் தீராத ஆர்வம் கொண்டவர். அவர் செய்த சோதனையின் எளிமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பக்கம் கொழுப்புக் கட்டி. இன்னொரு பக்கம், பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து வைத்தார். இரண்டையும் ஒரே சூட்டில் வைத்து வெப்பமானியைக் குத்தினார். கொழுப்பு எங்கும் நிற்காமல் சீராகச் சூடேறிக்கொண்டே போனது. ஸ்பாஞ்ச் பாதியில் நின்றுவிட்டது. ஸ்பாஞ்சில் கொல்லாஜன் ஏது, கொழுப்பு ஏது? தண்ணீர் மட்டும்தான். கறியின் வரைகோடு ஸ்பாஞ்சின் வரைகோட்டைப் போலவே வளைந்தது. பல தலைமுறை விவாதம் ஒரு நனைந்த ஸ்பாஞ்சில் தீர்ந்தது.

காரணம் தெரிந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடும். ஈரக்காற்றில் வியர்வை உலராது. சென்னையின் புழுக்கத்தில் மண்பானை அவ்வளவாகக் குளிராததும், மதுரைப் பக்கத்து வறண்ட வெயிலில் நன்றாகக் குளிர்வதும் தெரிந்ததே. கறியை அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றிவிட்டால் தாளுக்குள் காற்று ஈரத்தால் நிறைந்து, ஆவியாதல் நின்றுபோகும். முள் உடனே ஏறத் தொடங்கும். அமெரிக்கர்கள் இதை ‘டெக்சாஸ் க்ரட்ச்’, டெக்சாஸ் ஊன்றுகோல் என்கிறார்கள். மூன்று நான்கு மணி நேரம் மிச்சமாகும்.

நான் சுற்றுவதில்லை. ஏனென்றால் அந்த வியர்வையால்தான் மேலோடு உண்டாகிறது. கறியின்மேல் தடவிய உப்பும் மிளகும் சர்க்கரையும், உள்ளிருந்து வந்த புரதச் சாறும், படிந்த புகையும் சேர்ந்து நீர் போகப் போகக் கெட்டிப்படுகின்றன. ஒரு கட்டத்தில் உள்ளிருந்து வரும் ஊற்று மேற்பரப்பின் தாகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும். மேற்பரப்பு காயும். காய்ந்ததும் அதன் சூடு 70-ஐ விட்டு மேலே கிளம்பும். ஸ்டால் முடிகிற கணம் அதுதான். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையார் 1912-ல் விவரித்த, சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பாகி மணக்கும் வினை அதற்குப் பிறகு சூடுபிடிக்கும். கறுப்புக்கும் செம்பழுப்புக்கும் நடுவே ஒரு நிறத்தில், மரப்பட்டைபோல மொறுமொறுப்பான ஓடு. அமெரிக்கர்கள் அதை மரப்பட்டை என்ற சொல்லாலேயே அழைக்கிறார்கள். லெக்சிங்டன் கடைகளில் இந்த ஓட்டுத் துண்டுகளை மட்டும் கேட்டு வாங்க ‘அவுட்சைட் பிரவுன்’ என்று சொல்ல வேண்டும். தாளில் சுற்றினால் நேரம் மிச்சமாகும், ஆனால் ஓடு நமத்துப்போகும். அவசரம் இருப்பவர்கள் சுற்றுவதில் தவறில்லை. எனக்கு ஓடு வேண்டும்.

அன்று நான்கு மணிக்கு முள் 69-ஐத் தொட்டது. நாலரைக்கு 71. பிறகு நிற்கவில்லை. ஆறு மணிக்கு 80, கிழக்கு வெளுத்திருந்தது. பாம்பின் வால் மட்டும் மிச்சமிருந்தது. மேல்துளைக்கு மேலே நீலம்கூடத் தெரியவில்லை, காற்று மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு 95. கறியை இறக்கி, கனத்த துண்டில் சுற்றி, ஐஸ் வைக்கும் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் மூடி வைத்தேன். உடனே பிய்த்தால் ஆவி மொத்தமாகக் கிளம்பி இன்னும் கொஞ்சம் நீர் போய்விடும். சூடு கொஞ்சம் தணிந்தால் ஜெலட்டின் கலந்த சாறு கெட்டியாகி நார்களோடு தங்கும்.

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். லெக்சிங்டன் பக்கத்துக்காரர், முதல் முறை நான் பரிமாறிய கயிற்றைக் குறை சொல்லாமல் மென்று முடித்தவர். வெப்பமானி காட்டிய எண்ணை நான் சொல்லத் தொடங்கியபோது கையமர்த்தினார். கறியிலிருந்து அரை விரல் நீட்டிக்கொண்டிருந்த தோள்பட்டை எலும்பை இரண்டு விரலால் பிடித்து, சாவி திருப்புவதுபோல லேசாகத் திருப்பினார். எந்தத் தடையும் இல்லாமல் எலும்பு வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு நார்கூட ஒட்டாமல், கழுவி வைத்ததுபோல வெள்ளையாக இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, ஓரத்தில் கறுத்திருந்த ஓட்டுத் துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

“ராத்திரி எவ்வளவு நேரம் நின்னுச்சு?” என்று கேட்டார்.

“அஞ்சு மணி நேரம்.”

தலையாட்டிக்கொண்டே அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினார்.